தொண்ணூற்றெட்டு மார்க்

"ஏனுங்க மேடம், வைத்தியம் பாக்கறீங்களா, இல்ல எங்களை வெச்சு வேடிக்கை காட்டறீங்களா?"

கந்தவேல் போட்ட சத்தத்தில், கண் மருத்துவமனையின் கூடத்தில் காத்திருந்தவர்கள் எல்லோரும் பயிற்சி அறைப் பக்கம் திரும்பினார்கள். கண் பயிற்சி கொடுக்கும் ரஞ்சனி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தியும் பயனில்லை. அவருக்கு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. சம்மட்டி அடிக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"சார், மெதுவாப் பேசுங்க. பாப்பா பயப்படுது."

"பாப்பாவுக்கு ஒண்ணும் பயமில்லைங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!"

அவருடைய மகள் மோனிஷா நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. இடது கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டியிருந்தாள். வலது கண்ணுக்குத் தெரிந்தவை உச்சியில் இருந்த இரண்டு பெரிய எழுத்துகள்தான். மூன்று மாதத்துக்கு முன்பும் அதே இரண்டுதான்.

அந்தக் கண்ணில் நோய் ஏதும் இல்லை. மூளை அதைக் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான். சோம்பேறிக் கண். அதை வேலை வாங்கத்தான் முகத்தில் மாட்டிக்கொண்டு ஆடும் வி.ஆர். விளையாட்டை ரஞ்சனி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதில் அம்பு இடது கண்ணுக்கு மட்டும் தெரியும். பலூன் வலது கண்ணுக்கு மட்டும் தெரியும். இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் பலூன் உடையும்.

"பாப்பா தினமும் விளையாடுதுங்களா?"

கந்தவேலின் முகம் சிவந்தது. "பட்டறையைச் சாத்துனதும் நேரா ஊட்டுக்குத்தானுங்க வாரேன். ஒரு டீ கூடக் குடிக்கறதில்ல. ஒரு நாள் விட்டிருப்பனா? மார்க்குதான் உங்க கம்ப்யூட்டருக்கே வருதே! நேத்து எத்தனை? சொல்லுங்க!"

"தொண்ணூத்தெட்டு."

"மார்க் ஏற ஏறக் கண்ணு தெளியும்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"மார்க் ஏறிருச்சுங்க. கண்ணு எங்கீங்க? இன்னும் ரெண்டு வருசம் போனா இந்தக் கண்ணுல பார்வையைக் கொண்டாரது கஷ்டம்னு பயங்காட்டுனதும் நீங்கதான? அப்புறம் எம்பட புள்ளை ஒத்தக் கண்ணோடயே காலந்தள்ளோணுமா?"

ரஞ்சனிக்குக் காது மடல் சுட்டது. பதிலுக்குக் கத்த வாய் துடித்தது. ஆனால், அவர் கேட்பதில் என்ன தப்பு? தொண்ணூற்றெட்டு வாங்குகிற கண்ணுக்கு மூன்றாவது எழுத்து ஏன் தெரியவில்லை? ஒருவேளை அம்பும் பலூனும் இரண்டு கண்ணுக்குமே தெரியும்படி அவள் விட்டுவிட்டாளோ? அப்படியென்றால் நல்ல கண்ணே எல்லாப் பலூனையும் உடைத்திருக்கும். குழந்தையின் மூன்று மாதத்தை அவளே பாழாக்கியிருப்பாள்.

கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். வலது கண்ணுக்குப் பலூன். இடது கண்ணுக்கு அம்பு. எல்லாம் சரியாகவே இருந்தது.

"மெசின் மேல குத்தமில்ல சார்," என்றாள். குரல் அவளையும் மீறி உயர்ந்தது. "என் மேலயும் இல்ல!"

"அப்ப எம்புள்ள மேலயா? எங்க புள்ள கிளாஸ்ல ஃபர்ஸ்ட் ரேங்க்குங்க! இந்த வைத்தியமே வேண்டாம். இந்தாங்க, உங்க சாமானை நீங்களே வெச்சுக்கங்க. எந்திரி சாமி, போலாம்!"

மஞ்சள் பையிலிருந்து கருவியை எடுத்து மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

"ஒரே ஒரு ஆட்டம். என் கண்ணு முன்னால ஆடட்டும். அப்புறம் போங்க," என்று ரஞ்சனி அதை எடுத்து மோனிஷாவின் தலையில் மாட்டினாள்.

கருவி வழுக்கிக்கொண்டு மூக்கைத் தாண்டித் தாடையில் வந்து தொங்கியது.

"சார், பெல்ட் ஏன் இத்தனை லூசா இருக்கு?"

"அது என் தலைக்கு வெச்ச அளவுங்க," என்றார் கந்தவேல் எரிச்சலுடன். "மொத நாளு பாப்பா பதினொரு மார்க்குத்தான் எடுத்துச்சு, அதையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா? அன்னிலிருந்து புள்ளைக்குப் பதிலா நானே மாட்டிக்கிட்டு ஆடறேன்!"