தகர டப்பா விமர்சனம்

ஆடுபுலி ஆட்டத்துக்கு இரண்டாம் பாகம் வந்தது. புதுப் பலகை, கூடுதல் கோடுகள், நடுவில் அடி தெரியாத ஓர் ஓட்டை. பழைய ஆட்டத்தில் வெட்டுப்பட்ட ஆடுகள் ஓரமாகக் கிடந்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் தகர டப்பாவுக்குத் திரும்பிவிடும். இதில் வெட்டுப்பட்டவற்றை ஓட்டைக்குள் போட்டார்கள்.

ஆடுகள் என்று பேர்தான். எல்லாம் கூழாங்கற்கள். முதல் நாளே டப்பாவுக்குள் சண்டை.

“அருமையான ஆட்டம்! ஓடுறதுக்கு எத்தனை வழி!” என்றது வெள்ளைக் கல்.

“மண்ணாங்கட்டி!” என்றது கருங்கல். “போன நாலு பேர் இன்னும் வரலை. புலியைக் கட்டப் பதினஞ்சு ஆடு வேணும். பதினொண்ணை வெச்சு என்னத்தைக் கட்டுறது?”

“ஆள் குறைஞ்சா இடம் தாராளம்ணே.”

மறுநாள் ஏழு கற்கள் திரும்பின. தப்பி வந்தவர்களுக்கெல்லாம் ஆட்டம் பிடித்துப்போயிருந்தது. கருங்கல் மட்டும் முணுமுணுத்தது. மூன்றாம் நாள் அந்த முணுமுணுப்பும் இல்லை.

ஐந்தாம் நாள் வெள்ளைக் கல் டப்பாவுக்குள் சத்தமாகக் கேட்டது: “ஆட்டம் நல்லா இல்லைன்னு யாராவது சொல்றீங்களா?”

யாரும் சொல்லவில்லை.

“அப்ப எல்லாருக்கும் பிடிச்சிருக்கு” என்று மகிழ்ந்தது.

வெளியே ஒரு கை டப்பாவை எடுத்துக் குலுக்கியது. ஒரே ஒரு கல் தகரத்தில் முட்டி உருண்டது.

பலகைக்கு அடியிலிருந்து, கலகலவென்று பதில் வந்தது.