மூன்று தட்டு

"பொண்ணுகிட்ட பொய் சொல்லி வளர்க்குறீங்களா?"

டீச்சர் எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டார். மரம் வெட்டுகிறவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பாதி வேலையில் கிளம்பி வந்திருந்தார். முழங்கை வரை மரத்தூள், கண்ணில் தூக்கம்.

"என்ன பண்ணிட்டா, டீச்சர்?"

"பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு இயற்கையைப் பத்திக் கவிதை எழுதச் சொன்னேன். உங்க பொண்ணு எழுதினதைப் படிங்க."

படித்தார்.

மரத்துக்குக் கதவு இல்லை.
ஆனாலும் அப்பா தட்டுவார்,
ஒன்று, இரண்டு, மூன்று.
பறவைகள் குஞ்சுகளோடு
பக்கத்து மரத்துக்குப் போய்விடும்.
அப்புறம்தான் ரம்பம் சத்தம் போடும்.

"'பறக்கத் தெரியாத குஞ்சு எப்படிப் போகும், உங்க அப்பா புளுகுறார்'னு ஒரு பையன் இவகிட்ட கேட்டான். நியாயமான கேள்விதானே? இவ அவன் நோட்டைக் கிழிச்சுட்டா. பத்து வயசாச்சுங்க. நாளைக்கு வகுப்பிலேயே உண்மையைச் சொல்லிப் புரியவைக்கப் போறேன்."

அவர் தாளை மேஜைமேல் வைத்தார்.

"வேணாம் டீச்சர். அஞ்சு வயசுல, 'நீ மரத்தை வெட்டினா குருவியெல்லாம் எங்கப்பா போகும்?'னு கேட்டா. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். சொன்ன பாவத்துக்கு அன்னையிலேருந்து நெஜமாவே தட்டுறேன். கூட வேலை செய்யுறவங்க, 'என்ன, குடியிருக்கிறவங்களைக் காலி பண்ணச் சொல்றியா?'னு கிண்டல் பண்றாங்க."

"தட்டினா போயிடுதா?"

"பெருசு போயிடும்." அவர் தரையைப் பார்த்தார். "வீட்டுல அது ஒண்ணுதான் இன்னும் குழந்தை மாதிரி எதையாவது நம்பிட்டு இருக்கு. இன்னும் ஒரு வருஷம் அப்படியே இருக்கட்டுமே."

டீச்சர் திருத்த வேண்டிய நோட்டுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். உண்மையைச் சொல்லும் தெம்பு அவருக்கும் அன்றைக்கு இல்லை போலிருக்கிறது.

"சரி, சொல்லலை. கிழிச்ச நோட்டுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கணும்."

வெளியே வாலு காத்திருந்தாள். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். இன்றைக்கு அந்த வாலைச் சுருட்டி வைத்திருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் அப்பாவின் தலையிலிருந்து மரத்தூளைத் தட்டிவிட ஆரம்பித்தாள். திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தார். அலுப்பில் அதுகூட வரவில்லை. அவள் நோட்டைச் சும்மா புரட்டினார்.

கடைசிப் பக்கத்தில் அதே கவிதை. ஆனால் அதே கவிதை இல்லை. மேலே குறுக்காகக் கோடு போட்டு அடித்திருந்தாள்.

அப்பா தட்டுவார்.
குஞ்சுகளுக்குப் பறக்கத் தெரியாது.
அன்றைக்கு அப்பா
பசிக்கவில்லை என்பார்.
சாப்பாட்டு டப்பா
திறக்காமலே வீட்டுக்கு வரும்.

அவர் இரண்டு தடவை படித்தார். பஸ் வந்தது, போனது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போதே. நீ குழாயடியில குழி தோண்டி ரெண்டு குஞ்சைப் புதைச்சியே. ஜன்னல்லேருந்து பார்த்தேன்."

மூன்று வருஷம். அதற்கப்புறமும் சாயங்காலம் தவறாமல், "இன்னிக்கு எத்தனை குருவி வீடு மாறிச்சுப்பா?" என்று கேட்டவள் இவள்தான். அவரும் எண்ணிக்கையோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சே எதுக்கும்மா அந்தப் பையன் நோட்டைக் கிழிச்ச? அவன் கேட்டது சரிதானே?"

"சரிதான். ஆனா உன்னைப் புளுகன்னு சொன்னான்."

"இதை ஏன் அடிச்சே? இதுதானே உண்மை?"

வாலு அவர் காதோரம் ஒட்டியிருந்த கடைசித் தூளையும் ஊதிவிட்டாள்.

"மலர்ல வந்தா நீ படிப்பேல்ல? நான் இன்னும் நம்புறேன்னு நீ நம்பிட்டு இருந்தே. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலைப்பா."