நல்லாக் கதைக்கிறாய்

வட்டக்கச்சியில் நாலரை மணி வெயில் முற்றத்துச் சாக்கின் மேல் சாய்ந்து கிடக்கிறது. ராக்காயி அதில் குந்தியிருந்து கச்சான் கடலை உடைக்கிறாள். குடத்தில் சாத்தி வைத்த போனில் மகள் சிவரூபியின் முகம். ஜப்பானில் முதியோர் இல்லமொன்றில் அவளுக்கு வேலை, அங்கே இருட்டிவிட்டது. "எட்டு வருசமா இஞ்ச இருக்கிறன் அம்மா. நான் குளிப்பாட்டுற கிழவி இண்டைக்கும், எங்கட பாஷை நல்லாக் கதைக்கிறாய் எண்டு கைதட்டுறா. பிறகு, எப்ப உன்ர நாட்டுக்குப் போறாய் எண்டு கேக்கிறா."

வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போடும் இரஞ்சிதத்துக்கு அது கேட்டுவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவளுடையது. "இதென்ன கதை? எட்டு வருசம் இருந்த பிள்ளையை இன்னும் பிறத்தியாள் எண்டு நினைக்கிறதே?" என்று கொதிக்கிறாள்.

ராக்காயி நிமிரவில்லை. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயின் இடுப்பில் இந்த ஊருக்கு வந்தபோது அவளுக்கு ஒரு வயது. "ஓம் அக்கா, அவையள் அப்பிடித்தான்," என்கிறாள்.

இரஞ்சிதத்தின் முகம் மலர்கிறது. அன்போடுதான் சொல்கிறாள்: "பாத்தியே, நீயும் இப்ப எங்கட ஆக்கள் மாதிரியே நல்லாக் கதைக்கிறாய்!"

கோது உடையும் சத்தம் நிற்கிறது. போனுக்குள் சிவரூபி, சிரிக்காமல், மெதுவாக இரண்டு தரம் கைதட்டுகிறாள்.