காகிதம் சிவந்தால்

மலேசியாவின் டுரியான் துங்கால் ஊர்ப் பொம்மைக் கடையில் மகள் தர்ஷினி அந்த அறிவியல் பெட்டியைக் கையில் எடுத்ததுமே குணாளனுக்கு வியர்த்துவிட்டது.

"அது வேணாம்மா. எரிமலைப் பெட்டி எடுத்துக்க. நுரை பொங்கி வரும், ஜாலியா இருக்கும்."

"எனக்குத் தண்ணி டெஸ்ட் பண்றதுதான்ப்பா வேணும்."

"உள்ள கெமிக்கல் இருக்கும். உன் கால் ஏற்கெனவே புண்ணு."

கடைக்காரர் ஹஃப்சா சிரித்தார். "ரொம்பப் பயப்படுறீங்க லா அண்ணே! இதுல வெறும் காகிதம்தான். தண்ணியில நனைச்சாப் போதும். அமிலம் கலந்திருந்தா செவந்துடும்."

"காந்தம், பூதக்கண்ணாடி ஏதாச்சும் இருக்கா?" குணாளன் அவரிடம் கேட்டான்.

தர்ஷினி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நம்ம வீட்டுப் பின்னால ஆத்துல எறங்குனதுலேர்ந்துதான்ப்பா கால் அரிக்குது. மீனெல்லாம் செத்து மிதக்குது. ஒவ்வொரு எடமா டெஸ்ட் பண்ணா, எங்க அமிலத்தக் கொண்டாந்து ஊத்துறாங்கன்னு கண்டுபிடிச்சிடலாம்னு டீச்சர் சொன்னாங்க."

பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். போன் அடித்தது. அவன் லோரி ஓட்டும் தொழிற்சாலையின் ஃபோர்மேன்.

"குணா, உன் லோரி டாங்கியில கழிவுத் தண்ணி நெறஞ்சிருச்சு. வழக்கம்போல பாலத்துக்குக் கீழ ஆத்துல தொறந்து விட்டுட்டு வந்துடு."

குணாளன் போனை அணைத்தான்.

தர்ஷினி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ஊத்துறவங்க என்னைப் பாத்துட்டா அடிப்பாங்களா? பயமா இருக்கு. நீங்க என்கூடவே வரணும்."