ஏழாவது புள்ளி

ஸ்கேனுக்குக் காத்திருந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, சுபாஷிணி கதவை அறைந்து சாத்தினாள். மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் பெட் ஸ்கேனரைச் சோதித்துச் சான்று தரவேண்டியவள் அவள். மெஷினுக்குள் மனித மார்பின் வடிவில், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மை. அதனுள் கதிரியக்க மருந்தேற்றிய ஆறு குண்டுகள். திரையிலோ ஏழு புள்ளிகள் எரிந்தன.

"எங்கப்பாவை இதுல ஸ்கேன் எடுத்தப்பவும் இதே இடம்தான் யூசுப். இந்த ஒத்தப் புள்ளியை நம்பித்தான் அவர் நெஞ்சைக் கிழிச்சாங்க. அவர் எழுந்திருக்கவே இல்லை. இந்தச் சனியனைப் பூட்டாம இன்னிக்கு நான் போகமாட்டேன்."

கம்பெனி என்ஜினியர் யூசுப் குரலை உயர்த்தவில்லை. "பொம்மையைக் கவுத்து வச்சு எடுப்போம் சேச்சி. மெஷின் தப்புன்னா புள்ளி நின்ன இடத்துலயே நிக்கும், தாராளமா பூட்டிக்குங்க. பொம்மையோட நகர்ந்தா, உள்ள நிஜமாவே ஏதோ இருக்கு."

கவிழ்த்தார்கள். ஏழாவது புள்ளியும் பொம்மையோடு இடம் மாறியிருந்தது.

சுபாஷிணி ஆத்திரத்துடன் மூடியைத் திருகித் திறந்தாள். தெளிந்த தண்ணீர், ஆறு குண்டுகள். கையை விட்டுத் துழாவினாள். வேறெதுவும் இல்லை.

அன்று அப்பாவின் நெஞ்சைத் திறந்து பார்த்த டாக்டரும், உள்ளே ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்.