கேள்வியம்மா

"எனக்குமா இந்தக் கேள்வியெல்லாம்?" என்று சோபாவில் சாய்ந்தபடி சிரித்தான் அவன்.

"யாரா இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான்," என்றாள் கேள்வியம்மா.

அந்தப் பெயர் தெருக்காரர்கள் வைத்தது. யார்க்‌ஷயர் டெரியர் நாய்க்குட்டி வேண்டுமென்று யார் வந்தாலும், விலையைச் சொல்லுமுன் ஆளைக் குடைந்து எடுத்துவிடுவாள். பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும் என்று தெரிந்ததும் ஒரு டாக்டர் தம்பதியையே வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறாள். இன்னொரு வீட்டுக்கு அளவு டேப்போடு போய், பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே குட்டியின் தலை நுழையுமா என்று அளந்து பார்த்துவிட்டு வந்தாள். பன்னிரண்டு வாரம் ஆகாமல் எந்தக் குட்டியையும் தாயிடமிருந்து பிரிக்க மாட்டாள். கால் முட்டி, ஈரல் எல்லாம் கால்நடை மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பேச்சே.

"கடைக்குப் போனா காசை நீட்டினதும் குட்டியைக் கையில குடுத்துடறான். நீங்க பாஸ்போர்ட் ஆபீஸையே மிஞ்சிடுவீங்க போலிருக்கே!"

"கடையில இதோட அம்மா எங்கேன்னு கேட்டுப் பாருங்க. காட்டினா அங்கேயே வாங்கிக்குங்க."

தாய் நாய் அவன் மனைவியின் மடியில் சுருண்டிருந்தது. குட்டிகள் தூங்கும் பாய்க்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள் அவள். நாயின் நீண்ட முடியில் விழுந்திருந்த சிக்கை விரலால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"திடீர்னு குட்டி எதுக்கு?"

"எங்க மேனேஜர் வீட்டுல ஒண்ணு வச்சிருக்காங்க. அந்தம்மா கைப்பை மாதிரி தூக்கிட்டே திரியறாங்க. அடுத்த வாரம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றாங்க. அதுக்குள்ள நம்ம வீட்டுலயும் ஒண்ணு ஓடினா நல்லாருக்குமே. ஆமா, இதைவிடச் சின்னதா இல்லையா?"

"ரொம்பச் சின்னதுன்னா சீக்குதான் அதிகம். அப்படிப் பொறக்க வைக்கறது பாவம்." கேள்வியம்மா குரலை உயர்த்தவில்லை. "பகல்ல குட்டியோட யார் இருப்பா?"

"அதான் இவ இருக்காளே." மனைவியைப் பார்க்காமலேயே கட்டைவிரலால் காட்டினான்.

"வேலைக்குப் போகலையா?"

கேள்வியம்மா அவளைத்தான் கேட்டாள். பதில் அவனிடமிருந்து வந்தது.

"நிறுத்தியாச்சு. இவ சம்பாதிச்சா எங்க வீட்டுல அடுப்பெரியணும்?"

பாயில் ஈரமாகிக் கிடந்த துணியைக் கேள்வியம்மா எடுத்து மாற்றினாள்.

"புதுசுல வீடெல்லாம் நனைச்சு வைக்கும். என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டு போட்டா தானா வழிக்கு வரும்."

"போடறதுன்னா?"

"அட, லேசாத்தான்! ஒரு விஷயத்தை ரெண்டாவது தடவை சொல்லி எனக்குப் பழக்கமில்ல."

"ராத்திரி தாயைத் தேடி அழும்."

"பாத்ரூம்ல விட்டுக் கதவைச் சாத்தி, லைட்டையும் அணைச்சிட்டா அரை மணி நேரத்துல அடங்கிடும். நான் பாத்திருக்கேனே."

"இதுக்கு முன்னாடி நாய் வளர்த்திருக்கீங்களா?"

"இல்லையே. ஏன்?"

சிக்கெடுத்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன. தாய் நாய் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது.

கேள்வியம்மா தொடர்ந்தாள். "கடைசியா ஒண்ணு. ஒத்துவரலைன்னா வேற யார் தலையிலயும் கட்டக் கூடாது. எத்தனை வருஷம் ஆனாலும் என்கிட்டதான் கொண்டுவந்து விடணும். அதுக்கு இந்த வீடு எப்பவும் உண்டு."

அவன் சத்தமாகச் சிரித்தான். "வீட்டுக்குள்ள வந்ததைத் திருப்பி அனுப்பற பழக்கமெல்லாம் எங்க பரம்பரையிலயே கிடையாது."

தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் கேள்வியம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே அவன் மனைவியும் வந்தாள். குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டாள், பேச்சு வெளியே கேட்காதபடி.

"குட்டி வேண்டாம்," என்றாள் மெதுவாக. "பாவம் அது."

அவ்வளவுதான். குழாயை மூடிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பிவிட்டாள்.

வெளியே வந்தபோது கேள்வியம்மாவின் குரல் தெளிவாகவே இருந்தது.

"மன்னிச்சுக்குங்க. குட்டி தர்றதுக்கில்ல."

"என்ன? எனக்கா?" அவன் முகம் சிவந்துவிட்டது. "நானும் போனாப் போகுதுன்னு பதில் சொல்லிட்டே இருக்கேன். ஒரு நாய்க்குட்டிக்கு இவ்வளவு ராங்கியா? கடையில கொட்டிக் கிடக்கு!" மனைவியின் பக்கம் திரும்பினான். "இன்னும் என்ன பாத்துட்டு நிக்கற? கிளம்பு!"

காலைச் சுற்றிச் சுற்றி வந்த தாய் நாயை அவள் குனிந்து ஒருமுறை தடவினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வரேம்மா."

'இரு' என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் கேள்வியம்மா சொல்ல நினைத்தாள்.

"பாத்துப் போங்க, மாப்பிள்ளை," என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் 'நல்ல வேலை, சொந்த வீடு' என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு கேள்விகூடக் கேட்காமல் அந்த மனிதனுக்குக் கட்டிக்கொடுத்த தன் ஒரே மகள் அவன் பின்னால் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் கேள்வியம்மா.