ஒரு மணிக்குப் பசிக்கும் குரல்

டாக்ஸி ஆபீசில் போன் எடுத்துக்கொண்டிருந்தவளின் குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிவிட்டு, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவும் அதே குரலில் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தது. மதியம் ஒரு மணியானால் மட்டும், “சாப்பிடப் போறேன்” என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் வாயைத் திறக்காது. இன்ஜினீயர்கள் தலைகீழாக நின்று பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை.

மேனேஜர் அவளையே கூப்பிட்டனுப்பினார். அவள் வந்தபோது மணி ஒன்று தாண்டியிருந்தது.

“நீதானேம்மா இதுக்கு இந்தச் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பழக்கிவிட்டே?”

“நல்லாயிருக்கு சார். என்னை என்னைக்காவது ஒரு மணிக்குச் சாப்பிட விட்டிருக்கீங்களா? எனக்கே தெரியாததை நான் எப்படிப் பழக்குவேன்?”

“சரி, பழைய கதை வேணாம். இடைவேளை கிடையாதுன்னு உன் வாயால அதுக்குச் சொல்லிடு. உன் வேலையைத் திருப்பித் தர்றேன்.”

அவள் வீட்டில் வேறு யாருக்கும் வேலை இல்லை. அவள் மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

“வயிறு நிறைஞ்சப்புறம் எந்திரிடி. போன் எங்கயும் ஓடிப் போயிடாது.”

மேசையில் போன்கள் விடாமல் அடித்தன. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். காலையில் விளிம்புவரை அமுக்கிக் கட்டிய டப்பா, அவள் இன்னும் கையே வைக்காமல் பாதி காலியாக இருந்தது. மிச்சப் பாதியை அவள் நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.